வளவுக் கோழிக்குக் கடற்பாசி

உலர்த்திப் பொடித்த கடற்பாசியைக் கோழித் தீனியில் சிறிதளவு கலப்பது கடலோர நாடுகள் பலவற்றில் நெடுநாளாக இருந்துவரும் முறை. அதற்கு வேண்டிய பாசி காசில்லாமல் கிடைக்கும் ஊர்களில் தலைமன்னாரும் ஒன்று. மன்னார்த் தீவின் மேற்கு முனையில் உள்ள இந்த ஊருக்கு இரண்டு பக்கமும் கடல்: வடக்கே பாக்கு விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. இரண்டுக்கும் நடுவே ஆதாம் பாலத்தின் மணல் திட்டுகள் தனுஷ்கோடியை நோக்கி நீள்கின்றன. சோளகக் காற்றின் மாதங்களில் தென்கரையும் வாடைக் காற்றின் மாதங்களில் வடகரையும் கொந்தளிக்கும். எந்தக் கரை கொந்தளிக்கிறதோ அந்தக் கரையில் அலை அள்ளிப் போடும் சாதாழை குவியும்.

அந்தக் குவியல் முழுவதும் பாசி அல்ல. அதில் பெரும்பங்கு கடற்புல். நாடாபோல் நீண்ட இலையும் மணலுக்குள் ஓடும் வேரும் உள்ள கடற்புல், நிலத்துப் புல்லைப்போலப் பூத்துக் காய்க்கும் தாவரம். ஆவுளியா என்னும் கடற்பசுவின் உணவு அதுதான். தென்னைக்கு அடியுரமாக நல்லது, கோழிக்கு நார் மட்டுமே. கோழித் தீனிக்கு உரியவை வேரும் பூவும் இல்லாத பாசிகள். நிறத்தை வைத்து அவற்றைச் சிவப்பு, பழுப்பு, பச்சை என்று மூன்று பெரும் கூட்டங்களாகப் பிரிக்கிறார்கள். சிவப்பில் கஞ்சிப்பாசி எனப்படும் கிரசிலேரியா இந்தக் கடலின் பழைய செல்வம். 19ஆம் நூற்றாண்டிலேயே இலங்கையின் பெயரைத் தாங்கி ஐரோப்பியச் சந்தைக்குப் போனது. பழுப்பில், எதிர்க்கரையான இராமநாதபுரத்தார் கட்டைக்கோரை என்று அழைக்கும் சர்காசம் மிகுதி. சிறு காற்றுக் குமிழ்களால் மிதப்பது என்பதால் கரையில் அதிகம் ஒதுங்குவதும் அதுவே. பச்சையில் கண்ணாடித்தாள்போல் மெல்லிய உல்வா, ஆழமற்ற நீரில் கல்லிலும் கட்டையிலும் படரும்.

இலங்கைக் கடற்பாசிகளை முறைப்படி வகைப்படுத்தியவர்களில் எம். துரைரத்தினம் முதன்மையானவர், அவருடைய நூலை இலங்கை மீன்பிடி ஆராய்ச்சி நிலையம் 1961இல் வெளியிட்டது. எதிர்க்கரையில் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் நிலையமும் பல பத்தாண்டுகளாக இந்தக் கடலின் பாசிகளை ஆராய்ந்துவருகின்றன. பிலிப்பைன்சிலிருந்து பரவிய கப்பாபைக்கஸ் என்னும் சிவப்புப் பாசியை மிதவைகளிலும் கயிறுகளிலும் கட்டி வளர்க்கும் தொழில் முதலில் மண்டபத்திலும், போருக்குப் பின்னர் வடமாகாணக் கரைகளிலும் வந்தது. வளர்த்தவர்களின் நோக்கம் கோழித் தீனி அன்று. கராஜீனன் என்னும் கூழ்ப்பொருள். ஆனால் பாசி கயிற்றில் வளர்ந்து வீட்டு முற்றத்தில் உலர்ந்தபோது, அதைக் கோழிக்கும் மாட்டுக்கும் போட்டால் என்ன என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.

அந்தக் கேள்விக்கு அவசரம் சேர்த்தது தீனியின் விலை. 2021இல் இரசாயன உரத்துக்கு வந்த தடையால் நாட்டின் சோள விளைச்சல் சரிந்தது. அடுத்த ஆண்டு அந்நியச் செலாவணி இல்லாமல் தீனிப்பொருள் இறக்குமதி முடங்கியது. பண்ணைகள் சுருங்கி, 2023இல் இலங்கை இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யும் நிலைக்கு வந்தது. வளவில் பத்து ஊர்க்கோழி வைத்திருந்த வீடுகள் அந்தக் காலத்தைத் தவிடு, குறுணல், தேங்காய்ப் பிண்ணாக்கு, மீன் கழிவு என்று கைக்கெட்டியதைக் கொண்டு கடந்தன. கடற்பாசி அந்த வரிசையில் எந்த இடத்தில் நிற்கும் என்பதைத் தெளிவாக அறிந்துகொள்வது நல்லது. ஏனெனில் பலர் எதிர்பார்க்கும் இடத்தில் அது நிற்பதில்லை.

தவிட்டுக்கோ சோளத்துக்கோ பாசி ஈடாகாது. உலர்ந்த பாசியின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரு பங்கு வரை வெறும் சாம்பல், அதாவது கனியுப்புகள். மீதியில் பெரும்பகுதி அல்ஜின், அகர், கராஜீனன் போன்ற கூழ்ப்பொருள்கள். இவற்றை உடைக்கும் நொதி கோழியின் குடலில் இல்லை. சிவப்பு, பச்சைப் பாசிகளில் பத்து முதல் இருபத்தைந்து வீதம் வரை புரதம் காணப்பட்டாலும் அதுவும் அந்தக் கூழுக்குள் சிக்கியிருப்பதால் முழுதாகச் சீரணிப்பதில்லை. பாசித் தூள் உற்பத்தியில் முன்னோடியான நோர்வேயில், அஸ்கோபில்லம் என்னும் பழுப்புப் பாசியின் தீவன மதிப்பு தானியத்தின் மதிப்பில் 30 வீதமே என்று கணித்தார்கள். கனேரித் தீவுகளையும் ஸ்கொட்லாந்தையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 1994இல் வெளியிட்ட சோதனையில் உல்வாவைத் தீனியில் பத்து வீதமும் அதற்கு மேலும் கலந்தபோது குஞ்சுகள் குறைவாகத் தின்றன, வளர்ச்சியும் குன்றியது. ஆகவே தீனிச் செலவைப் பாசியால் பாதியாகக் குறைக்கலாம் என்ற பேச்சு கோழியைப் பட்டினி போடுவதில்தான் முடியும். பாசியின் பயன் அதன் அளவில் இல்லை. அது கொண்டுவரும் மிகச் சில நுண்பொருள்களில் இருக்கிறது.

அவற்றில் முதலாவது அயடீன். கடல் நீரில் மிக ஐதாகக் கரைந்திருக்கும் இந்தத் தனிமத்தைப் பாசிகள், குறிப்பாகப் பழுப்புப் பாசிகள், பல்லாயிரம் மடங்கு செறிவாக்கித் தம்முள் சேர்க்கின்றன. கோழியின் தைரொயிட் சுரப்பி அயடீனைக் கொண்டே தன் ஓமோன்களை ஆக்குகிறது. உடல் வெப்பம், வளர்ச்சி, இறகு உதிர்ந்து முளைத்தல் எல்லாம் அவற்றைச் சார்ந்தவை. ஆனால் தேவை மிகச் சிறிது. முட்டையிடும் பேட்டுக்கு ஒரு கிலோ தீனியில் 0.035 மில்லிகிராம் அயடீன் இருந்தால் போதும் என்று அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கழகம் 1994இல் வகுத்தது. தேவைக்கு மேல் போகும் அயடீனில் ஒரு பகுதியைப் பேடு மஞ்சட்கருவுக்குள் அனுப்பிவிடும். யப்பானில் 1976 முதல் விற்கப்படும் அயடீன் முட்டை இந்த இயல்பின் மேல் எழுந்த வணிகம்தான். பாசித் தூள் கலந்த தீனியால் அதன் கருவில் சாதாரண முட்டையைவிடப் பல மடங்கு அயடீன் ஏறுகிறது.

அளவு மீறினால் நிலைமை தலைகீழாகும். 1960களில் புளோரிடாவில் நடந்த ஆய்வுகளில் கிலோவுக்கு 5000 மில்லிகிராம் அயடீன் கலந்த தீனியைத் தின்ற பேடுகள் ஒரு கிழமைக்குள் முட்டையிடுவதை நிறுத்தின. அயடீனை எடுத்ததும் மீண்டும் இடத் தொடங்கின. அதைவிடப் பன்மடங்கு குறைந்த அளவுகளிலும் முட்டை எண்ணிக்கையும் குஞ்சு பொரிப்பும் விழுந்தன. ஐரோப்பிய ஒன்றியம் முட்டைக் கோழித் தீனியில் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று உச்சவரம்பு வைத்திருப்பது முட்டையைத் தின்னும் மனிதரையும் எண்ணித்தான்.

இந்த எல்லையை மன்னார்ப் பாசியோடு பொருத்திப் பார்ப்பது பயனுள்ளது. குளிர்கடலின் கெல்ப் என்னும் பழுப்புப் பாசி வகைகளில் உலர் எடையில் கிலோவுக்கு ஆயிரக்கணக்கான மில்லிகிராம் அயடீன் உண்டு. 3000 மில்லிகிராம் உள்ள கெல்ப்பை ஒரு வீதம் கலந்தால் தீனியில் 30 மில்லிகிராம் ஏறும், எல்லையைப்போல் ஆறு மடங்கு. வெப்பக்கடலின் சர்காசத்தில் பொதுவாகச் சில பத்து முதல் சில நூறு மில்லிகிராம் வரைதான். 300 என்று வைத்துக்கொண்டாலும் ஒரு வீதக் கலப்பில் தீனிக்குக் கிடைப்பது 3 மில்லிகிராம். அதே பாசியை இரண்டு வீதம் கலந்தால் 6 ஆகி எல்லையைத் தாண்டும். பழுப்புப் பாசிக்கு ஒரு வீதம் என்ற வரம்பு இந்தக் கணக்கிலிருந்து வருவது. குளிர்நாட்டுப் பாசித் தூளின் பொதியில் அச்சிட்ட அளவை இங்கேயும், இங்குள்ள அளவை அந்தத் தூளுக்கும் மாற்றிப் போடக் கூடாது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தலைமன்னாரிலோ பேசாலையிலோ மீன் வாடிக்கு அருகே மேயும் கோழிக்கு அயடீன் குறைபாடு வருவது அரிது. மீன் குடலும் இறால் தலையும் சிறு நண்டும் தின்னும் கோழிக்குக் கடலின் அயடீன் ஏற்கெனவே கிடைத்துவிடுகிறது. மனிதருக்கும் 1995 முதல் இலங்கையில் உண்ணும் உப்பில் அயடீன் சேர்ப்பது கட்டாயமாக உள்ளது. கழலை நோய் இலங்கையில் வாட்டிய பகுதி ஈரவலயமான தென்மேற்குதான், இந்த வறண்ட கரை அல்ல. அயடீனுக்காகப் பாசி என்ற வாதம் கடலிலிருந்து விலகிய ஊர்களுக்கே கூடுதலாகப் பொருந்தும். நோர்வேயின் பழைய சோதனைகளில் பாசித் தூள் தின்ற கோழிகளிடம் தெரிந்த மாற்றம் முட்டையின் அயடீன் கூடியது மட்டுமே என்பதையும் இங்கே சேர்த்துப் படிக்க வேண்டும்.

தலைமன்னாருக்கு உண்மையில் பயன் தருவது நிறம். மஞ்சட்கருவின் மஞ்சளைக் கோழி தானாக ஆக்க முடியாது. லூட்டீன், சியாசாந்தின் போன்ற கரோட்டினொயிட் நிறமிகள் தீனியோடு உள்ளே போனால்தான் கரு நிறம் பெறும். மாரி காலத்தில் வளவெங்கும் புல்லும் கீரையும் இருக்கும். கோழி கொத்தித் தின்னும், கரு செம்மஞ்சளாக இருக்கும். சோளகம் அனலாய் வீசும் வறண்ட மாதங்களில் மணல் வளவில் பச்சை என்று ஒன்றும் மிஞ்சாது. தவிடும் குறுணலும் பிண்ணாக்கும் தின்னும் கோழியின் கரு வெளிறிவிடும். அதே மாதங்களில்தான் தென்கரையில் பாசி ஒதுங்குகிறது. நிலத்தில் பச்சை தீரும் வேளையில் கடல் அதைக் கொண்டுவந்து தருகிறது என்பது இந்த ஊருக்கு வாய்த்த நல்ல பொருத்தம்.

பச்சைப் பாசியில் உள்ள லூட்டீன் முருங்கை இலையில் உள்ளதே. கருவில் நேராகச் சேரும். பழுப்புப் பாசியின் நிறமியான பியூகோசாந்தின் கோழியின் உடலில் பியூகோசாந்தினோல் என்ற வடிவத்துக்கு மாறிக் கருவுக்குள் போகிறது. நோர்வே ஆய்வாளர்கள் 1998இல் இதைக் காட்டினார்கள். மெக்சிக்கோவில் 2008இல் வெளியான ஆய்வில் மூன்று பாசிகளை மத்தி எண்ணெயோடு சேர்த்துக் கொடுத்தபோது என்டரோமோர்பா என்ற பச்சைப் பாசி தின்ற கோழிகளின் கரு நன்கு நிறமேறியது. ஒரு மஞ்சட்கருவின் பெரும்பகுதி, முட்டை இடுவதற்கு முந்திய ஏழு முதல் பத்து நாள்களில் அடுக்கடுக்காகப் படிவது. ஆகவே பாசி கொடுக்கத் தொடங்கிப் பத்து நாளுக்குள் நிறம் மாறாவிட்டால், கொடுக்கும் பாசியில் நிறமி இல்லை என்று முடிவு செய்யலாம்.

நிறமி இல்லாமற் போவதற்குக் காரணம் பெரும்பாலும் வெயில். கடும் வெயிலிலும் பனியிலும் நாள்கணக்கில் கிடந்த பாசி வெளுத்துவிடும். கப்பாபைக்கசும் கஞ்சிப்பாசியும் வெளுத்து உலர்ந்தால் வைக்கோல் நிறத்துக்கு வரும். கூழ் எடுப்பவருக்கு அது குறை அல்ல, ஆனால் கோழிக்காரருக்கு அந்த வெளுத்த பாசி கருவுக்கு நிறம் தராது. நிறத்துக்காகக் கொடுக்கும் பாசியை நிழலில் காற்றோட்டத்தில் உலர்த்துவதே சரி.

குடல் நலம் பற்றிய ஆய்வுகள் நம்பிக்கை தருகின்றன. கோழியால் சீரணிக்க முடியாத கூழ்ப்பொருள்கள் குடலின் கடைசியில் இருக்கும் இரண்டு பெருங்குடற்பைகளுக்குப் போய், அங்கே வாழும் நுண்ணுயிர்களுக்கு இரையாகின்றன. கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் 2014இல் வெளியான ஆய்வில், சிவப்புப் பாசிகளைச் சில வீதம் தின்ற முட்டைக் கோழிகளின் குடலில் நன்மை செய்யும் நுண்ணுயிர்கள் பெருகின. நோய் தரும் குளோஸ்ட்ரிடியம் பெர்பிரிஞ்சென்ஸ் குறைந்தது. இந்தியாவில் இஸத்நகரில் உள்ள மத்திய பறவை ஆராய்ச்சி நிறுவனம் கப்பாபைக்கசைச் சிறு அளவில் இறைச்சிக் கோழிகளுக்குக் கொடுத்துச் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. வளர்ச்சியிலும் நோயெதிர்ப்பிலும் முன்னேற்றம் காணப்பட்டது. இவை கூட்டில் அடைத்து, அளந்த தீனி கொடுத்துப் பெற்ற முடிவுகள். திறந்த வளவில் குப்பையைக் கிளறித் தின்னும் ஊர்க்கோழியின் குடல் ஏற்கெனவே பலவகை நுண்ணுயிர்கள் வாழும் இடம். அங்கே இதே அளவு மாற்றத்தை எதிர்பார்ப்பது மிகை.

முட்டை ஓட்டுக்குப் பாசி உதவும் என்று சொல்லப்படுவது சுண்ணாம்பு படிந்த கடினப் பாசிகளுக்கே பொருந்தும். மென்மையான பாசியின் கல்சியம் சொற்பம். ஓர் ஓட்டுக்கு ஏறத்தாழ 2 கிராம் கல்சியம் வேண்டும். ஒரு கிராம் பாசித் தூளால் அதைத் தர முடியாது. சிப்பியும் மட்டியும் கரையெங்கும் கிடக்கும் மன்னாரில் அவற்றை இடித்துத் தனிக் கிண்ணத்தில் வைப்பதே வழி.

பாசி புழுவை வெளியேற்றும் என்ற நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. யப்பானில் டிஜீனியா என்னும் சிவப்புப் பாசியை மனிதரின் குடற்புழுவுக்கு மருந்தாகக் காலங்காலமாகக் கொடுத்துவந்தார்கள். அதிலிருந்து 1953இல் பிரித்தெடுத்த கைனிக் அமிலம் நரம்புகளைத் தாக்கும் வலிய நஞ்சு. அந்தப் பண்பு அந்த இனத்துக்கு உரியது. உல்வாவுக்கும் சர்காசத்துக்கும் அது கிடையாது. புழு பிடித்த கோழிக்கு மிருக வைத்தியர் தரும் மருந்தே வேண்டும்.

ஆபத்துகளில் உப்பைத்தான் எல்லோரும் முதலில் நினைப்பார்கள். கழுவாத பாசியைக்கூட ஒரு வீதம் கலந்தால் ஏறும் சோடியம் சிறிதே. ஆனால் கருவாட்டுத் துண்டும் தலையும் அதே கோழிக்குப் போனால் இரண்டும் சேர்ந்து மிகும். கோழி அளவுக்கு மேல் தண்ணீர் குடிக்கும், எச்சம் நீராகும், கூடு நனைந்து நாறும். கருவாட்டுக் கழிவு கொடுக்கும் நாளில் பாசியை நிறுத்திவிடலாம். நன்னீர் எப்போதும் அருகில் இருக்க வேண்டும். இரண்டாவது ஆபத்து ஆர்சனிக். சர்காசக் குடும்பத்துப் பாசிகள் சில அதை நச்சு வடிவிலேயே சேர்க்கின்றன. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஹிஜிக்கி என்ற யப்பானிய உணவுப்பாசியை உண்ண வேண்டாம் என்று பிரித்தானிய உணவுத் தர முகமை 2004இல் அறிவுறுத்தியது. சர்காசத்தை ஆண்டு முழுவதும் கொடுக்காமல், உல்வாவோடும் கஞ்சிப்பாசியோடும் மாற்றி மாற்றிக் கொடுப்பது இதனால்தான்.

இவை இரண்டையும்விட உடனடி ஆபத்து அழுகல். ஒதுங்கிச் சில நாள் கிடந்த சாதாழைக்குள் செத்த மீனும் நண்டும் புழுவும் இருக்கும். அழுகிய உடலில் பெருகும் பொட்டுலினம் நஞ்சைப் புழு தன்னுள் தாங்கும். அந்தப் புழுவைத் தின்ற கோழி காலும் சிறகும் கழுத்தும் தளர்ந்து விழும். 2021 மே மாதம் கொழும்புக்கு அப்பால் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் எரிந்தபோது கொட்டிய பிளாஸ்டிக் மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. குறுணல் அளவுள்ள அவற்றையும் அறுந்த நைலோன் வலை நூலையும் கோழி தானியம் என்று விழுங்கும். பாசியை உதறிப் பொறுக்குவது இதற்காகவும்தான்.

ஆகவே அன்று காலை ஒதுங்கிய, நிறம் மாறாத, கடல் மணம் மட்டுமே உள்ள பாசியை எடுக்க வேண்டும். துறைமேடை, வள்ளம் கட்டும் இடம், கழிவுநீர் வாய்க்கால் ஆகியவற்றுக்கு அருகே எடுக்கக் கூடாது. கடற்புல்லைக் களைந்து, கடல் நீரிலேயே அலசி மணலைப் போக்கிவிட்டு, கடைசியில் ஒரு முறை நன்னீரில் முக்கி எடுத்தால் போதும். நன்னீர் அரிதான ஊரில் இந்த ஒழுங்கு தண்ணீரை மிச்சப்படுத்தும். நெடுநேரம் ஊறவைத்தால் உப்போடு வேண்டிய கனியுப்பும் போய்விடும். பிறகு ஓலைப்பாயில் மெல்லிதாகப் பரப்பி, கிடுகுக் கொட்டிலின் நிழலில், கையால் நொறுக்கினால் சடசடவென்று உடையும்வரை உலர்த்தி, உரலில் இடித்து அரித்துப் போத்தலில் காற்றுப் புகாமல் மூடிவைக்க வேண்டும். ஈரம் பிடித்துப் பூஞ்சணம் கண்ட தூளைத் தென்னைக்குப் போட்டுவிடலாம். கல்லில் ஒட்டி வளரும் உயிர்ப்பாசியைப் பிடுங்கத் தேவையே இல்லை. அது மீன் குஞ்சின் ஒதுங்கிடம், அதோடு ஆதாம் பாலத்தின் கடற்பகுதி 2015இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

ஓர் ஊர்க்கோழி நாளுக்கு ஏறத்தாழ 80 கிராம் தின்னும் என்று கொண்டால் பத்துக் கோழிக்கு 800 கிராம். அதில் ஒரு வீதம் 8 கிராம், ஒரு மேசைக்கரண்டி அளவு. பாசியின் ஈர எடையில் பத்தில் ஒன்பது பங்குவரை தண்ணீர் என்பதால், ஒரு கிலோ ஈரப்பாசி உலர்ந்து நூறு கிராமுக்குச் சற்று மேல் வரும். அது பத்துக் கோழிக்கு இரண்டு கிழமைக்குக் காணும். முதற் கிழமை அரைக் கரண்டியில் தொடங்கி, தவிட்டோடு சிறிது நீர் தெளித்துப் பிசைந்து கொடுத்தால் தூள் பறக்காது, கோழியும் ஒதுக்காது. எச்சம் இளகினால் பாதியாகக் குறைக்க வேண்டும். குஞ்சுகளுக்கும், அடைக்கு முட்டை சேர்க்கும் பேட்டுக்கும் கொடுக்காதிருப்பது பாதுகாப்பு.

கடையில் வாங்கும் முட்டைக் கோழித் தீனியில் அயடீனும் விற்றமினும் ஏற்கெனவே அளந்து கலந்திருக்கும். அதை மட்டும் தின்னும் கூட்டுக் கோழிக்குப் பாசி தேவையில்லை. தவிட்டையும் பிண்ணாக்கையும் நம்பி, கோடையில் பச்சை காணாமல் திரியும் தலைமன்னார் வளவுக் கோழிக்கு நாளுக்கு ஒரு கரண்டி பாசித் தூள் செலவில்லாத நல்ல துணைத் தீனி.